நடவுக்கு வந்தவர்கள் எங்கே தூங்குகிறார்கள்?

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் குறுவை வேலை சூடுபிடித்துவிடும். நாற்று 25 நாளைத் தாண்டினால் முற்றத் தொடங்கிவிடும் என்பதால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். இப்போது அந்த ஆட்கள் மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏஜென்டிடம் பேசிவிட்டால் போதும். நாற்று பறிப்பதிலிருந்து நட்டு முடிப்பது வரை அவர்கள் பொறுப்பு. முன்பு எங்கள் ஊர்ப் பெண்கள் நின்ற வரிசையில் இன்று முர்ஷிதாபாத் இளைஞர்கள் குனிந்து நிற்கிறார்கள்.

போன குறுவைக்கு எங்கள் வயலுக்கு வந்தவர்கள் மோட்டார் கொட்டகையில்தான் தங்கினார்கள். ஒன்பது பேர். உரமூட்டைச் சாக்கை விரித்துப் படுக்கை, வாசலில் மூன்று கல் அடுப்பு, உருளைக்கிழங்கும் சோறும். கழிவறை கிடையாது. ஒரு பையனுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடித்துக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியில் கூட்டிப்போனேன். வலி எங்கே என்று சொல்ல அவனுக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் அவன் பெயரையே கேட்டேன். அதுவரை "நாலு ஏக்கர் முடிஞ்சுதா?" என்பதுதான் என் ஒரே கேள்வி.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்காக 1979-லேயே சட்டம் வந்தது. தங்க இடம், மருத்துவம், பயணப்படி எல்லாம் ஒப்பந்தக்காரர் தர வேண்டும் என்றது. எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசிக்கூடக் கேட்டதில்லை. ஏஜென்டைக் கேட்டால் நிலத்துக்காரர் பாடு என்பார். நிலத்துக்காரரைக் கேட்டால் ஏஜென்டுக்குத்தான் காசு கொடுத்துவிட்டோமே என்பார்.

நடவு வேலை கைவிட்டுப் போன உள்ளூர்ப் பெண்களின் கோபத்தையும் நான் மறுக்கமாட்டேன். கூலி உயர்வு கேட்ட மண் இது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்தக் காலத்திலும் கூலி கேட்டவர்களை வழிக்குக் கொண்டுவர வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். ஆனால் இன்றைக்கு வயலில் நிற்கும் பையன் யார் கூலியையும் குறைக்க வரவில்லை. விலை பேசுவது நாங்கள். கோபப்பட வேண்டுமானால் எங்கள் மேல் படுங்கள்.

'வடக்கன்' என்று இங்கே எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தட்டில் இருக்கும் சோற்றை நட்டவன் எங்கே படுத்தான் என்று தெரியுமா?

சம்பா நடவுக்குள் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கழிவறை கட்டுகிறேன். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் குளிக்க ஒரு தொட்டியும் கட்டிவிடலாம். சேர்ந்துகொள்கிறவர்கள் சொல்லுங்கள்.