சத்தியம் செய்த கை

கோட்டை வாசலில், பனியில் வெறுங்காலோடு ஒரு ராஜா நிற்கிற படம் நேற்றும் என் கண்ணில் பட்டது. மதத்திடம் மண்டியிட்ட மன்னன் என்று கீழே ஒரு வரி. வருஷத்துக்கு இரண்டு முறையாவது இது சுற்றுக்கு வந்துவிடுகிறது. படத்தில் இருப்பவர் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி. இடம் வட இத்தாலியில் கனோசா கோட்டை, 1077 ஜனவரி. எனக்கென்னவோ அன்றைக்கு மாட்டிக்கொண்டவர் உள்ளே இருந்த போப் ஏழாம் கிரகோரிதான் என்று படுகிறது.

சண்டை, பிஷப்பை யார் நியமிப்பது என்பதில். அன்றைய பிஷப் பூசை வைக்கிறவர் மட்டுமல்ல. நிலம், வரி, படை எல்லாம் அவர் கையில் இருந்தன. பிரபுக்களை நம்ப முடியாத ராஜாவுக்கு பிஷப்புகள்தான் நிர்வாகம். மிலான் பேராயராக ஹென்றி தன் ஆளைப் போட்டார், போப் கண்டித்தார். 1076 ஜனவரியில் ஹென்றி வோர்ம்ஸ் நகரில் பிஷப்புகளைக் கூட்டி, 'நீ போப்பே இல்லை, இறங்கு' என்கிற தொனியில் ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த மாதமே கிரகோரி அவரைத் திருச்சபையிலிருந்து தள்ளிவைத்தார்.

தள்ளிவைத்ததைவிட, அதோடு சேர்ந்து வந்த இன்னொரு வரியில்தான் விஷம். ராஜாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம் இனி யாரையும் கட்டாது என்றார். தாலுகா ஆபீஸும் சம்பளப் பட்டாளமும் இல்லாத காலம் அது. ஒருவன் இன்னொருவனுக்கு அடங்கியிருப்பதே சத்தியத்தால்தான். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் அப்புறம் ராஜ்யம் எங்கே? 1073இல் கலகம் செய்த வட ஜெர்மனியின் சாக்ஸனிக்காரர்கள் 1075இல்தான் அடங்கியிருந்தார்கள். பிரபுக்கள் தவணை வைத்தார்கள்: தள்ளிவைத்து ஒரு வருஷம் முடிவதற்குள் அந்த விலக்கை நீக்கிக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் வேறு ராஜா. பஞ்சாயத்துக்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு வரும்படி போப்பையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

போப் வடக்கே வருவதற்குள் ஹென்றி தெற்கே இறங்கிவிட்டார். நடுக்குளிரில் ஆல்ப்ஸ். ராணி பெர்த்தாவையும் கூட வந்த பெண்களையும் மாட்டுத்தோலில் உட்காரவைத்துப் பனிச்சரிவில் இழுத்து இறக்கினார்கள் என்று அக்காலத் துறவி லாம்பெர்ட் எழுதியிருக்கிறார். (அவருக்கு ஹென்றியைப் பிடிக்காது, ஜோடிப்பும் உண்டு. ஆனால் இந்தத் தோல் விஷயத்தை நான் நம்புகிறேன்.) கூடவே மூன்று வயது நிரம்பாத மகன் கொன்ராட்.

போப் தங்கியிருந்த கனோசா வாசலில் கம்பளிச் சட்டை, வெறுங்கால், மூன்று நாள். உள்ளே கோட்டைக்குச் சொந்தக்காரியான மட்டில்டாவும், ஹென்றியின் ஞானத்தந்தை, குளூனி மடத் தலைவர் ஹியூவும் சிபாரிசு செய்கிறார்கள். கிரகோரி அரசியல்வாதிதான், ஆனால் பாதிரியாரும்கூட. பாவமன்னிப்பு கேட்டு வாசலில் நிற்கிறவனை எத்தனை நாள் விரட்ட முடியும்? மன்னித்தார். ஆக்ஸ்பர்க் பஞ்சாயத்து நடக்கவே இல்லை.

விலக்குதான் நீங்கியாயிற்றே, பிரபுக்கள் சும்மா இருந்தார்களா? மார்ச்சிலேயே ஹென்றியின் மைத்துனர் ருடால்ஃபை எதிர் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, அவர்களுக்கு விலக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். 1080 அக்டோபரில் எல்ஸ்டர் ஆற்றங்கரைப் போரில் ருடால்ஃபின் வலது கை துண்டானது, அந்தப் போரில் பட்ட காயங்களால் செத்தார். 'இந்தக் கையால்தானே ஹென்றிக்குச் சத்தியம் செய்தேன்' என்று சாகும்போது சொன்னதாக ஒரு கதை உண்டு. ஹென்றி ஆட்கள் கட்டிவிட்டதாக இருக்கலாம். கை நிஜம்தான், வற்றிப்போன ஒரு கையை இன்றும் மெர்சபர்க் பேராலயத்தில் அவருடையது என்று காட்டுகிறார்கள்.

ஹென்றி 1084இல் ரோமுக்குள் நுழைந்து, தானே நிறுத்திய எதிர் போப்பின் கையால் பேரரசர் முடி சூடினார். கிரகோரி மறு வருஷம் சலெர்னோவில், ஊரை விட்டு வந்த நிலையில் இறந்தார். அத்தோடு ஹென்றி நிம்மதியாக இருந்தாரா என்றால் இல்லை. ஆல்ப்ஸைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போன அதே கொன்ராட் 1093இல் போப் பக்கம் போய்விட்டான். அதனால் இளையவனிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டார், அப்பாவுக்கு எதிராகப் போகமாட்டேன் என்று. அவனும் 1104இல் எழுந்தான். விலக்கில் இருக்கிற அப்பாவுக்குக் கட்டுப்பட முடியாதாம். மறு வருஷக் கடைசியில் அவரை முடி துறக்கவைத்தான்.

1106இல் ஹென்றி இறந்தபோது மறுபடி விலக்கில்தான் இருந்தார். ஸ்பையர் பேராலயத்தை ஒட்டி, இன்னும் புனிதப்படுத்தாத ஒரு சிற்றாலயத்தில் ஐந்து வருஷம் சவப்பெட்டி கிடந்தது. 1111 ஆகஸ்டில்தான் முறைப்படி அடக்கம். அடக்கம் செய்தது அதே இளைய மகன், ஐந்தாம் ஹென்றி. அதே வருஷம் பிப்ரவரியில், பிஷப் நியமனம் பற்றிய அதே தகராறில், ரோமில் போப்பையே பிடித்துச் சிறை வைத்தவனும் அவன்தான்.