அந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார்?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுவதாகச் சொல்லும் மூலிகை மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சப்ளிமெண்ட் விற்கும் கடைக்குள் போனால் அமுக்கரா (அஸ்வகந்தா), நெருஞ்சில், வெந்தயச் சாறு, தொங்காட் அலி என்ற மலேசிய வேர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலை கேட்டால், 'இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்பதுதான் முதலில் வரும் பதில். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் 70 வெள்ளி கொடுத்து ஒரு டப்பா வாங்கி வந்தார். துவாஸ் பக்கம் விடுதியில் தங்கியிருக்கிறார், ஷிப்ட் வேலை, ஐந்து மணி நேரம் தூங்கினாலே அதிகம். உடம்பு அசதியாக இருக்கிறது, ஜிம்முக்குப் போயும் தேறவில்லை என்று வாங்கியிருக்கிறார். "ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க அண்ணே" என்று கடையில் கொடுத்த துண்டுத்தாளை நீட்டினார்.

அதில் இரண்டு பட்டைகள். 'முன்பு' குட்டையாக, 'பின்பு' அதைப்போல நாலு மடங்கு உயரமாக. ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன். பட்டைகள் பூச்சியத்தில் தொடங்கவே இல்லை, 600-இல் தொடங்கின. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு 630-இலிருந்து 726 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான். அதை நாலு மடங்காகக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். 2015-இல் இந்தியாவில் 57 ஆண்களை வைத்து நடந்த அமுக்கரா ஆய்வு அது. எட்டு வாரம் எடைப் பயிற்சி, தினமும் இரண்டு வேளை மாத்திரை. பாதிப் பேருக்கு மூலிகைச் சாறு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சாறு சாப்பிட்டவர்களுக்கு 96 ஏறியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 18 ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துண்டுத்தாளில் இல்லாத இன்னொரு பட்டையையும் பக்கத்தில் வையுங்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் தொடங்கியதே 675-இல், முடித்தது 693-இல். எட்டு வாரம் கழித்து இரண்டு குழுக்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுமார் 33. இந்த எண்கள் எல்லாமே ஆரோக்கியமான ஆணுக்கு இருக்க வேண்டிய அளவுக்குள்தான். ஒரே ஆளுக்குக் காலையில் எடுத்த ரத்தத்துக்கும் சாயங்காலம் எடுத்த ரத்தத்துக்கும் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரலாம். ஆய்வுக்கான சாறைக் கொடுத்தது, அதைத் தயாரித்து விற்கும் நிறுவனமே.

2019-இல் வந்த இன்னோர் அமுக்கரா ஆய்வையும் கடைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். 40 முதல் 70 வயது வரை உள்ள, எடை கூடிய, அசதி உள்ள ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் 14.7% கூடியது. விளம்பரம் அந்த வரியோடு நின்றுவிடும். அதே ஆய்வில் அசதி, தெம்பு, தாம்பத்திய நலம் மூன்றிலும் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எதற்காக மாத்திரை வாங்குகிறோமோ அதில் வெற்று மாத்திரையை மிஞ்சவே இல்லை! இதற்கும் பணம் கொடுத்தது அந்தச் சாறைத் தயாரிக்கும் நிறுவனம். அதைக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். கடைக்கு வந்து சேரும்போது அந்த வரி காணாமல் போவதுதான் என் கோபம்.

தொங்காட் அலிக்கு வருவோம். நம் பக்கத்துச் சரக்கு, காப்பித்தூளில்கூடக் கலந்து விற்கிறார்கள். 2012-இல் மலேசியாவில் 76 பேருக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். முதலில் 35.5% பேருக்குத்தான் டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில் இருந்தது, ஒரு மாதத்தில் அது 90.8% ஆனது. ஆனால் வெற்று மாத்திரைக் குழு என்று ஒன்றே கிடையாது. குறைவாக இருக்கும்போது பிடித்து அளந்தால், மறுமுறை அளக்கும்போது ஓரளவு தானாகவே ஏறித் தெரியும். அதில் மூலிகையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வேர்ச் சாறைப் பரிசீலித்து, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற கவலையால், பாதுகாப்பு உறுதிப்படவில்லை என்று சொல்லிவிட்டது. எந்தத் துண்டுத்தாளிலும் இதை நான் பார்த்ததில்லை.

நெருஞ்சில் கதை சுருக்கம். 2005-இல் பல்கேரியாவில் இளைஞர்களிடமும், 2007-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி வீரர்களிடமும் சோதித்தார்கள். ஹார்மோன் அசையவில்லை. இன்றும் விற்கிறது.

கம்பெனி காசு கொடுத்தால் ஆய்வாளர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இல்லை. ஆட்களைக் குறைவாக எடுக்கலாம், எட்டு வாரத்தில் நிறுத்தலாம், பத்து விஷயங்களை அளந்து ஏறிய ஒன்றைத் தலைப்பில் வைக்கலாம், சரியாக வராததை அச்சுக்கே அனுப்பாமல் விடலாம். மருந்து, மருத்துவக் கருவி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழு, தயாரிப்பாளர் பணத்தில் நடந்தவை அவருக்குச் சாதகமாகவே அதிகம் முடிகின்றன என்று 2017-இல் எழுதியது. மருந்துக்கே அப்படி என்றால், இவ்வளவு கெடுபிடி இல்லாத சப்ளிமெண்டுக்கு எப்படி இருக்கும்?

கெடுபிடி இல்லை என்று சும்மா சொல்லவில்லை. சிங்கப்பூரில் சப்ளிமெண்டுகளை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை, பொறுப்பு விற்பவருடையது. கடையில் இருக்கிறது என்பதாலேயே அரசாங்கம் சோதித்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2008-இல் இங்கே கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை சரிந்து மருத்துவமனைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அது வேறு வகைக் குற்றம்தான். ஆனாலும் 'இயற்கை' என்ற ஒரே சொல்லை நம்பி எதையும் விழுங்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

எனக்கு அதிகம் வலிப்பது, நம் பெருமையை வைத்து இந்த வியாபாரம் நடப்பது. அமுக்கராவும் நெருஞ்சிலும் சித்த மருத்துவத்தில் இருப்பவை. சந்தேகம் கேட்டால், "நம்ம முன்னோர் சொன்னதையே நம்ப மாட்டியா?" என்கிறார்கள். முன்னோர் நோயாளியைப் பார்த்து, சூரணமாகவோ லேகியமாகவோ கொடுத்தார்கள். கம்பெனி விற்பது தன் பெயரைப் பதிந்துகொண்ட ஒரு சாறு. முன்னோர் மேல் நமக்கு இருக்கும் மரியாதையை அந்த டப்பாவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அமுக்கராவின் மீது உண்மையிலேயே அக்கறை இருந்தால், விற்பவர் காசு கலக்காமல், பல நூறு பேரை வைத்து, ஒரு வருடமாவது நடக்கும் ஆய்வைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அசதி, ஆசைக் குறைவு என்று இருப்பவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் டாக்டரைப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். தூக்கம், எடை, சர்க்கரை, மன அழுத்தம் எல்லாவற்றையும் கேட்பார்கள். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த மாதத்துக்கு இன்னொரு டப்பா வாங்குவதாக இருந்தார், இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார். ஷிப்ட் மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

தயாரிப்பாளர் பணம் இல்லாமல் நடந்த நல்ல ஆய்வு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் கீழே போடுங்கள். கடைத் துண்டுத்தாள் வேண்டாம், முழுக் கட்டுரையாகப் போடுங்கள். உட்கார்ந்து படிக்கிறேன்.