வாரண்டி போச்சாம் சார்

வந்துட்டாருய்யா, புது ஜெனரேட்டர மாட்டி ஓட்டிக் காட்ட கம்பெனில இருந்து அனுப்புற கமிஷனிங் தம்பி இன்னைக்கு வந்தே வந்துட்டாரு. ஜெனரேட்டர் வாங்குனது எப்ப, இவரு வர்றது எப்ப, கேட்டா "உங்க ஏரியா எங்க ரூட்ல வரல சார்"ன்றாரு. அப்படி என்ன ஏரியான்னு நினைச்சீங்க, நாகமலை புதுக்கோட்டை. இத கஸ்டமர் கேர் பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்களேன். "புதுக்கோட்டை டிஸ்ட்ரிக்ட்டுக்கு அங்க உள்ள டீலர்தான் சார் வருவாங்க." அம்மா அது வேற புதுக்கோட்டைம்மா, இது மதுரைல இருந்து தேனி போற ரோட்டுல, காமராசர் பல்கலைக்கழகத்துக்கு இங்கிட்டே இருக்கு. "ஓகே சார், புதுக்கோட்டை டீலருக்கு டிக்கெட் போட்டுட்டேன் சார், வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" வேணாம் தாயி. அந்த மாவட்டத்துல இருந்து நெசமாவே ஒரு மனுசன் போன் பண்ணி லொகேஷன் கேட்டாரு. அனுப்புனேன். பாத்துட்டு சிரிச்சாரு, வச்சுட்டாரு.

இன்வெர்ட்டர் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு இதெல்லாம்னு கேக்குறவய்ங்க 2012ல நம்ம பக்கம் இல்லாதவய்ங்களாத்தான் இருக்கணும். பத்துப் பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இல்லாம கெடந்த ஊருய்யா இது. இப்ப அந்தக் கொடுமை இல்ல, இருந்தாலும் மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் புடுங்கிட்டுப் போனா, பேட்டரி மத்தியானமே மூச்ச விட்ருது. மேல டேங்க்ல சொட்டுத் தண்ணி கெடையாது, மோட்டார இன்வெர்ட்டர்ல ஓட்டவா முடியும்?

சரி, இவய்ங்கள நம்புனா வேலைக்காகாதுன்னு நானே இறங்கிட்டேன். மில்லுல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாத்தே முடி நரைச்சவன் நான், 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் பெட்டிக்கு யாரு தயவு வேணும்? ஆயில் ஊத்தியாச்சு, ஏன்னா புதுப் பெட்டில பொட்டு ஆயில் இருக்காது. கொல்லைல எர்த் குழி, ரெண்டடிக்குக் கீழ மொரம்பு, கடப்பாரை எகிறுது, அப்படியும் விடாம ஜிஐ பைப்ப இறக்கி, கரியும் கீழமாசி வீதில வாங்குன உப்பும் மாத்தி மாத்திக் கொட்டி தண்ணி விட்டாச்சு. மீட்டர் போர்டு பக்கத்துல 32 ஆம்ப்ஸ் ரெண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், மேல தூக்குனா ஈபி, கீழ இறக்குனா ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். என்ன ஆனாலும் ரெண்டும் ஒண்ணா சேராது, அதுக்குத்தான் அந்தச் சாமானே.

இத எங்க சின்ன மாமனாரால தாங்கிக்க முடியல. "எதுக்கு மாப்ள தண்டச் செலவு, ஒரு ஒயரு, ரெண்டு தலைலயும் பிளக்கு, ஒண்ண ஜெனரேட்டர்ல சொருகு, ஒண்ண ஹால்ல இருக்க பவர் பிளக்குல சொருகு, வீடு பூரா எரியும். மெயின மட்டும் ஆஃப் பண்ணிக்க." மாமா, மெயின ஆஃப் பண்ண மறந்துட்டா? "மறக்காம பண்ணு மாப்ள." முடிஞ்சுது, சேஃப்டி கிளாஸ் அவ்வளவுதான். கொள்ளப் பேரு வீட்ல இதுதான்யா நடக்குது. நம்ம பெட்டில இருந்து கிளம்புற 230 வோல்ட் வெளிய லைனுக்குப் போச்சுன்னா தெருவுல இருக்க டிரான்ஸ்பார்மரு தலைகீழா வேலை பாத்து 11,000 வோல்ட் கம்பி வரைக்கும் ஏத்தி விட்ரும். ஷட்டவுன்னு நம்பி கம்பத்துல ஏறி நிக்கிற வயர்மேன் என்னத்துக்கு ஆவாரு? அம்புட்டுக்கு ஏன் போகணும், ஒரு பிளக்கு உருவிக்கிட்டா அந்தப் பித்தளப் பின்னுல நேரா கரண்டு, வீட்ல சின்னப் புள்ளைக இருக்குதுக. சொன்னா "நீ எல்லாத்துக்கும் பயப்படுற"ன்றாரு. அத்தோட விட்டாரா, களவு போயிரும், மாடிப்படிக்குக் கீழ உள்ளாற வச்சிக்கன்னு அடுத்த யோசனை. பொகைல இருக்க கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, தூங்குறவன தூக்கத்துலயே முடிச்சு விட்ரும், அப்புறம் களவு போனா என்ன போகாட்டி என்ன.

பெட்ரோல் கதை தனி. பங்க்ல கேன்ல ஊத்த மாட்டாய்ங்க, ரூல்ஸாம். சரி ரூல்ஸ்தான், ஒத்துக்குறேன், அப்ப ஜெனரேட்டர பங்குக்கு உருட்டிக்கிட்டா வரணும்? வண்டி டேங்க ரொப்பிக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல வச்சு ட்யூப் போட்டு இறக்கணும், அதுதான் பாதுகாப்பு. முழு லோடுல ஓடுனா மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல குடிக்குது, லிட்டர் 100 ரூபாய்க்கு மேல, ஃபேன் காத்து ஒவ்வொண்ணும் காசாத்தான் மேல படுது.

இப்ப தம்பிக்கு வருவோம். இன்னைக்கு ஷட்டவுன். ஜெனரேட்டர் நல்லா ஓடுது, ஃப்ரிட்ஜ் ஓடுது, அரை ஹெச்பி மோட்டாரு தண்ணி ஏத்துது, மீட்டர் வச்சா வோல்ட்டேஜ் 230 பக்கத்துல அசையாம நிக்குது. தம்பி உள்ள வந்தாரு, இது எதையும் பாக்கல, கல்யாண வீட்டு கேமராமேன் மாதிரி சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தாரு. எடுத்துட்டு "ச்சு"ன்னாரு. "யாரு சார் இத மாட்டுனது?" நாந்தான் தம்பி. "ச்சு." மறுபடியும் ஒரு ச்சு. "நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து வச்சிருக்கீங்களே சார், தப்பாச்சே."

பொறுமையா சொன்னேன்யா, நெசமா பொறுமையா. தம்பி, ஈபி நியூட்ரல டிரான்ஸ்பார்மர்லயே எர்த் பண்ணிருப்பாய்ங்க. சேஞ்ச்ஓவர கீழ இறக்குனா ஃபேசு நியூட்ரல் ரெண்டுமே அந்தப் பக்கம் வெட்டிருதுல்ல, அப்ப இந்தப் பெட்டியோட வைண்டிங்கு எர்த்தோட ஒட்டும் இல்லாம உறவும் இல்லாம தொங்கும், எங்கயாச்சும் பாடில கரண்ட் பாஞ்சாக்கூட, லீக்கான உடனே சப்ளைய வெட்டுற ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது, அதுக்குத்தான் மேனுவல பாத்து ஜெனரேட்டர் பக்கம் ஒரே ஒரு எடத்துல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் லிங்க் போட்ருக்கேன். "ஓகே சார் ஓகே சார்"னு தலைய ஆட்டுனாரு. புரிஞ்சிருச்சு போலன்னு உள்ள டீ எடுக்கப் போனேன். ஃபேன் நிக்குது. மறுபடி சுத்துது. வெளிய வந்தா கைல டெஸ்டரோட நிக்கிறாரு, முகத்துல அப்படி ஒரு வெற்றி. பிளக் பாயிண்ட்ல இந்த ஓட்டைல வைக்கிறாரு, எரியுது. அந்த ஓட்டைல வைக்கிறாரு, மங்கலா அதுவும் எரியுது. "பாத்தீங்களா சார், நியூட்ரல்லயும் கரண்ட் வருது, லீக்கேஜு."

தம்பி, அந்த லிங்க் எங்க?

"கழட்டிட்டேன் சார்."

மாட்டு.

நிப்பாட்டி, மாட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணாரு. வை டெஸ்டர. ஒண்ணுல எரியுது, இன்னொண்ணுல எரியல. இப்ப? "இப்ப ஓகே சார்." அப்ப லீக்கேஜ் இல்லைல்ல? "இருக்கு சார், லிங்க் இருக்கறதால தெரியல."

நான் செவுத்தப் பாத்தேன். செவுரு என்னப் பாத்துச்சு. கழட்டுனா வைண்டிங்கு தொங்கும், தொங்குனா ரெண்டு பக்கமும் எரியத்தான்யா செய்யும், அதத்தான முதல்ல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்னு திரும்ப ஆரம்பிக்கிறேன், அவரு மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சிட்டாரு. மேனேஜரு கேக்குறாரு, "சார் மெஷின் ஓடுதா?" ஓடுது சார். "நல்லா ஓடுதா?" நல்லா ஓடுது சார். "அப்புறம் எதுக்கு சார் கமிஷனிங் கேட்டீங்க?"

வாரண்டி கார்டுல நீங்கதான சார் வந்து பண்ணணும்னு அடிச்சிருக்கீங்க. "ஆமா சார், நாங்கதான் பண்ணணும், நீங்க பண்ணிட்டீங்களே, அதனால வாரண்டி வராது சார்." நீங்க வரலையே சார். "இப்ப வந்துட்டோம்ல சார்." 

தம்பி ஃபார்ம்ல "கஸ்டமர் வயரிங் ஃபால்ட்"னு எழுதி என்கிட்டயே கையெழுத்துக் கேக்குறாரு. விசிட்டிங் சார்ஜு தனி, பெட்ரோல் காசு தனி. எல்லாம் வாங்கிப் பைல வச்சிக்கிட்டு கெளம்பும்போது, "சார் சார்ஜ் சுத்தமா இல்ல, போன கொஞ்சம் சொருகிக்கவா?"ன்னு கேட்டாரு பாருங்க. எதுல? அந்த லீக்கேஜ் அடிக்கிற, வாரண்டி இல்லாத, தப்பா மாட்டுன ஜெனரேட்டர்ல. சொருகுனாரு. ஏறுச்சு. ஓடிபி வாங்குனாரு, அஞ்சு ஸ்டார் குடுங்க சார்னு பல்லக் காட்டுனாரு, போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல மெசேஜு, புதுக்கோட்டை மாவட்டத்தில் உங்கள் சேவை வெற்றிகரமாக நிறைவடைந்தது, நன்றி. நானும் எங்க வீட்டம்மாவும் திண்ணைல உக்காந்து சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரவுக எட்டிப் பாத்துட்டுப் போனாக.

அஞ்சு மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஆறரைக்கு வந்துச்சு, அத விடுங்க. சமைக்கிற தெம்பு யாருக்கும் இல்ல, புரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தேன். அந்த சால்னா பாக்கெட்டு நூல யாருய்யா சுத்துறது? நுனி எங்க இருக்குன்னு தேடி நகம் பேந்துருச்சு, பல்ல வச்சுக் கடிச்சா சட்டைல, கத்தி வச்சுக் குத்துனா காலண்டர்ல. நம்ம ஊருல ஒரு டெர்மினல் ஸ்க்ரூவ எவனும் ஒழுங்கா முறுக்குறது கெடையாது, எங்க பாத்தாலும் லூஸ் காண்டாக்ட், ஆனா பத்து ரூவா பெறாத குருமாவுக்கு அப்படி ஒரு கட்டு. அந்தக் கடைப் பையன மொதல்ல ஈபில சேத்துவிட்டு டிரான்ஸ்பார்மர்ல ஜம்பர் கம்பி கட்டச் சொல்லுங்கய்யா, ஒரு பய ஜெனரேட்டர் வாங்க மாட்டான்.