சங்ககிரி மலையில "ஒன்னுமே இல்ல"ன்னு சொன்ன தம்பிக்கு

நேத்து ராத்திரியில இருந்து, நம்ம சங்ககிரிக் கோட்டை மலையில எடுத்த அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேன். "வெறும் புதரும் இடிஞ்ச சுவரும்தான், ஒன்னுமே இல்ல. எல்லாத்தையும் வெட்டி லைட் போட்டா நல்ல ஸ்பாட்"னு அந்தத் தம்பி சொல்றார். கீழ நம்ம ஊர்க்காரங்களே "கரெக்ட் ப்ரோ"ன்னு போட்டிருக்காங்க. எனக்கு வலிச்சது அதுதான்.

அந்தப் புதர் குப்பை இல்லைங்க. கோட்டையில பாதி அதுதான். மலையும் மதிலும் மட்டுமா அரண்? காட்டரணும் சேர்த்துத்தான் நம்ம முன்னோர் கணக்குப் போட்டாங்க. முள்ளுக்குள்ள குதிரை ஏறாது, பீரங்கி இழுக்க முடியாது. நாம தோட்டத்துக்குக் கிளுவை வேலி போடறமே, அதே புத்திதான். ஹைதர், திப்பு கையில இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில சேலம் சீமையோட கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன கோட்டை இது. காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர்னு கம்பெனிப் படையோட மோதின தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்னிக்குத் தூக்குல போட்டது இங்கதான். இதுவா ஒன்னுமில்லாத எடம்?

எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, லாரி ஓட்டினவர். ஊருக்கு வந்தா விடியறதுக்குள்ள என்னைக் கூட்டிட்டு மலையேறுவார். ஒவ்வொரு கோட்டை வாசல்லயும் "சத்தம் போடாம வா கண்ணு"ம்பார். ஒருக்கா மதில் கல்லு இடுக்குல ஒரு உடும்பு. வெயிலுக்காக அசையாம ஒட்டிக் கெடந்துச்சு. கழுத்து மடிப்புல செம்மண், பிளந்த நாக்கு மட்டும் வெளிய வந்து வந்து போச்சு. "படை ஏறி வந்தப்பவும் இதோட பாட்டன் இந்தச் சந்துலதான் ஒளிஞ்சிருப்பான்"னார் அப்புச்சி. காடு வேற, சரித்திரம் வேறன்னு அதுக்கப்புறம் எனக்குத் தோணினதே இல்ல.

வீடியோவுல அதே மாதிரி ஒரு உடும்பு மேலதான் கல்லெறிஞ்சு சிரிக்கறாங்க. மயில் மாதிரியே உடும்பும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு குடுத்த உயிர். சிரிக்கற விஷயமா இது?

"வயசானவங்க பெருமாளைக் கும்பிட ஏற வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. ஏறட்டும். வழியில கைப்பிடி போடுங்க, தண்ணி வைங்க, நானும் கூட வந்து நிக்கறேன். அதுக்கு எதுக்குங்க முள்ளுச்செடியை வேரோட புடுங்கணும்? "பாம்பு கடிச்சா?" பார்த்துக் காலை வைங்க, அவ்வளவுதான். "லைட் போட்டா நாலு பேருக்குப் பொழப்பு"ங்கறாங்க. இருட்டு மண்டபத்துல தொங்கற வௌவாலுக்கும் பொழப்பு இருக்குது. ராத்திரி முழுக்க நம்ம தோட்டத்துப் பூச்சியைப் புடிச்சுத் தின்னுது.

"உனக்கென்ன, மலை உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எங்கூடப் படிச்சவர்தான். ஆடிப் பதினெட்டுக்குச் சின்னமலைக்கு மாலை போட்டு, கொடி கட்டின கார்ல வந்து போட்டோ எடுப்பார். அவர் கடைசியா எப்ப அந்த முதல் வாசலைத் தாண்டினார்? சின்னமலை பேரைச் சொல்லி மீசை முறுக்கறவங்க, அவர் கடைசியா பார்த்த காட்டை வெட்டச் சொன்னா "கரெக்ட்"னு சொல்லலாமா? எனக்கு ஆத்திரத்தை விட அழுகைதான் வருது.

தம்பி, மலை புடிக்கலைன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குது. கல்லெறியற பகுதியை மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க. அதைப் பார்த்துட்டு நாளைக்கு நம்ம ஊரு பசங்களும் கல்லோட ஏறுவாங்க.