மூன்று மூடியும் மாமியின் பஞ்சும்

(வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை. சரசு மாமியின் இடியப்பக் கடை. இரவு ஒன்பது மணி. மாமி பாத்திரம் கழுவுகிறார். சுதன் மேசையில் துவாயை விரித்து, மூன்று தண்ணீர்ப் போத்தல் மூடிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறான்.)

மாமி: தம்பி, இந்தப் பஞ்சு காலையில்தான் வாங்கினது. அதற்குள் ஒரு மூலையை எலி கடித்துக்கொண்டு போய்விட்டது பார்.

சுதன்: (அவசரமாக) அதை விடுங்கோ மாமி, இங்கே வாங்கோ. இது பட்டாணி. நடு மூடிக்குள் வைக்கிறேன்.

மாமி: பட்டாணி ஏன் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக இருக்கிறது?

சுதன்: வெளிநாட்டுப் பட்டாணி.

மாமி: இது புறக்கோட்டையில் உங்கள் மாமாவின் சம்பளத்தை விழுங்கின விளையாட்டல்லவா? முதல் ஆள் வென்றானாம். இரண்டாம் ஆளும் வென்றானாம். இவர் மட்டும் தோற்றாராம். பிறகு பார்த்தால், வென்றவன்களும் மூடி உருட்டினவனும் ஒரே ஓட்டோவில் ஏறிப் போகிறான்கள். இவர் இங்கே வரைக்கும் நடந்து வந்தார்.

சுதன்: அது களவு மாமி, இது கலை. ஏமாற்றமாட்டேன் என்று சொல்லி ஏமாற்றுவான் அவன். ஏமாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டே ஏமாற்றுகிறவன் நான். ரோமாபுரியில் செனெக்கா என்ற தத்துவஞானி ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பே, கிண்ணமும் கல்லும் வைத்துக் காட்டும் வித்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏமாறுவதில்தான் சுகமாம். செய்கிற விதம் தெரிந்தால் சப்பென்று போய்விடுமாம்.

மாமி: அவர் சம்பளத்தை வைத்து விளையாடியிருக்கமாட்டார்.

சுதன்: சரி, என் இடியப்பக் கணக்கு எவ்வளவு?

மாமி: 1,850 ரூபாய்.

சுதன்: சரியான மூடியைக் காட்டுங்கோ, இரண்டு மடங்கு தருகிறேன். பிழைத்தால் கணக்கை வெட்டிவிடுங்கோ.

மாமி: இதுவும் கலையா?

சுதன்: கலைஞனும் சாப்பிட வேண்டுமே. ஐயோ, என் பக்கம் வரவேண்டாம் மாமி! அங்கேயே நில்லுங்கோ. வெளிச்சம் மறைக்கும்.

(வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூடியை முன்னால் தள்ளும்போது உருண்டை துவாயில் அழுந்தி, பின்விளிம்பால் பிதுங்கி வெளியே வரும். பெருவிரலும் நடுவிரலும் அதைக் கவ்விக்கொள்ளும். அசல் பட்டாணி இதற்கு ஒத்துவராது, மெத்தென்று இருக்கவேண்டும். இப்போது மூன்று மூடியும் வெறுமை. மாமிக்குச் சொல்லிவிடாதீர்கள்.)

சுதன்: ம்... எது?

மாமி: (இடது மூடியில் விரலை அழுத்தி) இது.

சுதன்: திறக்கட்டுமா?

மாமி: கையை எடு. இதை நான் பிடித்திருக்கிறேன். மற்ற இரண்டையும் திற.

சுதன்: அது... அப்படி ஒரு முறை இல்லை மாமி.

மாமி: (தானே திறந்து) இதில் இல்லை. இதிலும் இல்லை. அப்போ என் விரலுக்குக் கீழேதான் இருக்கிறது. 3,700 ரூபாய் எடு.

சுதன்: அதையும் ஒருக்கால் திறந்து பார்த்தால்...

மாமி: ஏன், இதிலும் இல்லையா? மூன்றிலும் இல்லையென்றால் பட்டாணி எங்கே போனது?

(சுதன் மெதுவாக வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விடப் பார்க்கிறான்.)

மாமி: கையை விரி ராசா. அந்த எலியை நானும் ஒருக்கால் பார்க்கிறேன்.