குழிக்குள் இருப்பவரிடம் கேட்டீர்களா?

இலங்கையின் இரத்தினபுரியில் எடுத்த அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினொரு பேர் அனுப்பினார்கள், "உங்க ஊர்தானே" என்று. ஆமாம், எங்கள் ஊர்தான். மாணிக்கக் குழிக்குள் கேமராவை இறக்கி, சேறு அப்பிய ஒரு மனிதரின் முகத்தில் விளக்கடித்து, "கோடிகளின் மேல் நிற்கிறார், பாவம், அதன் மதிப்பு இவருக்குத் தெரியாது" என்கிறார்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியும். அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் குழி வேலை செய்தவர். சதுரமாக வெட்டி, மரச்சட்டம் கொடுத்து, மண் சரியாமல் இருக்க இடையிடையே கெக்கில்ல என்ற பன்னச் செடியின் இலையைத் திணித்துத் திணித்துத்தான் கீழே இறங்குவார்கள். பம்பு நின்றால் குழியில் தண்ணீர் ஏறிவிடும். அடியில் சரளைக்கல் படுகை ஒன்று வரும், மாணிக்கம் கிடைப்பது அதில்தான், அதற்குப் பெயர் இல்லம். "இல்லம் பட்டுடுச்சு" என்று சித்தப்பா சொல்லும்போது, புது வீடு கிடைத்துவிட்டது என்று சின்ன வயதில் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நீளக் கம்பியை மண்ணில் குத்தி, கையில் தட்டுப்படுவதையும் சத்தத்தையும் வைத்தே இல்லமா வெறும் மண்ணா என்று சொல்லிவிடுவார். கூடையைத் தண்ணீரில் சுழற்றிக் கல் அலசுவதை எனக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார், வரவே இல்லை. இவருக்கா ஒன்றும் தெரியாது?

"அனுமதி வாங்கித்தானே எடுத்தார்கள்" என்பீர்கள். கொடுத்தது யார்? மேலே நின்ற குழிச் சொந்தக்காரர். உள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்றவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

"அவ்வளவு தெரிந்தவர் ஏன் ஏழையாக இருக்கிறார்" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். காணிக்காரருக்கு ஒரு பங்கு, லைசன்ஸ்காரருக்கு ஒரு பங்கு, பம்புக்காரருக்கு ஒரு பங்கு, அப்புறம் மிஞ்சுவதைத்தான் குழிக்குள் இறங்கியவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். கல் கிடைக்கும்வரை சாப்பாடும் கொஞ்சம் கைக்காசும். மாதக்கணக்கில் ஒன்றுமே கிடைக்காத குழிகளும் உண்டு. இதில் அறியாமை எங்கே வந்தது?

கெவுட என்ற கல்லின் கதையை நீங்கள் எடுப்பீர்கள் என்று தெரியும். பால் மாதிரி மங்கலாக இருக்கும் அந்தக் கல்லை ஒருகாலத்தில் எங்கள் ஆட்கள் ஒதுக்கிப் போட்டார்கள், 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய் உலையில் சுட்டு நீலமாக்கி விற்றார்கள். சரி, உண்மைதான். ஐம்பது வருடத்துக்கு முந்திய அந்த ஒன்றை வைத்து இன்னும் எத்தனை நாள் எங்களை ஏமாளி என்பீர்கள்?

2021இல் ஒரு வீட்டில் கிணறு வெட்டும்போது 510 கிலோ நீலக்கல் கொத்து கிடைத்ததாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு இங்கே வருகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலடி மண்ணைத்தான் பார்க்கிறார்கள். 2017 மே மாதம் களு கங்கை பெருகி ஊரே மூழ்கியதே, அப்போது இந்தக் கேமராக்கள் எங்கே இருந்தன?

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், கல் வாங்குங்கள், தாராளமாக விலை பேசுங்கள். குழிக்குள் இருப்பவரிடமும் கேளுங்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சித்தப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காரில் வந்த சிலர் அவரைப் படமெடுக்க வேண்டும் என்றார்கள். அவர் பம்புத் தண்ணீரில் முகம் கழுவக் குனிந்தார். "கழுவாதீங்க, சேறோட இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று தடுத்துவிட்டார்கள். சித்தப்பா அப்படியே நின்றார். கார் போன பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.