1714-இல் இங்கே யாரும் தூங்கவில்லை

1714-ஆம் ஆண்டில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பட்டியல் போட்டு ஒரு பக்கம் வெளியிட்ட படத்தை, அந்த 1714 அட்டையை, நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறார்கள். பார்த்தேன். அதற்குக் கீழே நடந்த பேச்சையும் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன்.

அட்டையில் இருந்த தகவல்களில் எனக்குத் தகராறு இல்லை. ராணி ஆன் ஆகஸ்ட் 1 அன்று இறந்ததும், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஜார்ஜ் வந்து இங்கிலாந்தின் அரசரானதும் நடந்தவைதான். பாரன்ஹீட்டின் பாதரச வெப்பமானி அந்த ஆண்டுதான். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொல்கிறவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று லண்டனில் சட்டம் போட்டதும் அப்போதுதான். எல்லாம் சரி. அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இந்தியாவில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை." அதற்குக் கீழே ஒரு தம்பி, "நம்மாளுங்க அப்போ தூங்கிட்டு இருந்தாங்க" என்று எழுதுகிறார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

1714-இல் இங்கே யாரும் தூங்கவில்லை, தம்பி.

அந்த ஆண்டு செஞ்சியில் சொரூப் சிங் இறந்துபோனார். முகலாயர் கொடுத்த கோட்டை அது. மகன் தேஜ் சிங், நாம் சொல்லும் தேசிங்கு, சுமார் 22 வயதில் பொறுப்புக்கு வந்தார். நிலுவைக் கப்பத்தைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். கட்ட முடியாது என்றார் இவர். படை வந்தது. தன்னைவிடப் பலமடங்கு பெரிய படையை எதிர்த்துக் கோட்டையைவிட்டு வெளியே போய்ச் சண்டை போட்டு, அக்டோபர் தொடக்கத்தில் செத்துப்போனார். கூடவே நண்பர் மகபத்கானும் செத்தார். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு ஓடிவந்தவர் என்று கதைப்பாட்டு அவரைப் பாடுகிறது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்கிறார்கள். தினமும் அந்த ஊர் பெயர் போட்ட பேருந்தில் ஏறி இறங்குகிறோம். அந்தப் பெயர் இந்த 1714-இன் பெயர்.

இது குறிப்பிடும்படி இல்லையா?

தெற்கே தரங்கம்பாடிக்குப் போவோம். டேனிஷ்காரர்களின் துறைமுகம். 1706-இல் கப்பலில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகியவர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெரிய பங்கு உண்டு. அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாலாடைக்கட்டி அனுப்பிய டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, இங்கேயே சின்ன எழுத்துகளாக வார்த்துக்கொண்டார்கள். பைபிளின் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாகி வந்தது 1714-இல். மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுசும் வந்துவிட்டது.

கடற்கரை வெக்கையில் உருக்கிய ஈயத்தோடு நின்றவர்களைத் தூங்கினவர்கள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இதை நேற்று இரவு அங்கேயே சுருக்கமாக எழுதினேன். வந்த பதில்களைக் கேளுங்கள். "அச்சு 1578-லேயே வந்துடுச்சு" என்று ஒருவர். ஐயா, கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் எனக்கும் தெரியும். தரங்கம்பாடியில்தான் முதல் அச்சு என்று நான் எங்கே சொன்னேன்? நின்றுபோயிருந்த வேலை மறுபடி உயிர்பெற்ற காலம் என்கிறேன். "வெள்ளைக்காரப் பாதிரி மதம் மாற்ற வந்தவர்" என்று இன்னொருவர். ஆமாம், அதற்குத்தான் வந்தார். வந்தவர் அச்சிட்டது தமிழில். அதற்குமேல் இதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது பதில்தான் வலித்தது. "தேசிங்கு தமிழனே இல்லையே, அவன் ஒரு வட்டாரச் சில்லறை ராஜா, தோத்தவன் வேற."

தமிழர் இல்லைதான். வட இந்தியாவின் புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். நண்பர் முஸ்லிம், எதிரியும் முஸ்லிம். அந்தச் சண்டையில் மதமும் இல்லை, இன்றைக்கு நாம் பேசுகிற இனமும் இல்லை. ஆனால் அவருக்குக் கதைப்பாட்டு கட்டியது யார்? அவருடைய பாராசாரிக் குதிரையைத் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது எந்த மொழியில்? சில மாதங்களே ஆண்ட ஒரு வெளியூர் இளைஞனை 300 ஆண்டுகளாகத் தூக்கிச் சுமந்தது நம் ஊர் சனங்கள். அவர் தமிழரா என்று கேட்கிறவர், ஹனோவர் ஜார்ஜ் ஆங்கிலேயரா என்று அந்த அட்டையிடம் கேட்டாரா?

தோற்றவன் என்கிறீர்கள். அதே 1714, செப்டம்பர் 11, பார்சிலோனா தோற்றது. ஓர் ஆண்டுக்கும் மேல் முற்றுகையில் கிடந்துவிட்டு ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பிலிப்பின் படையிடம் நகரம் விழுந்தது. பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியர்களின் தேசிய நாள் இன்றைக்கு எது? அதே செப்டம்பர் 11. அன்று காயம்பட்ட நகரத் தலைவர் ரஃபேல் காசநோவாவின் சிலைக்கு ஆண்டுதோறும் பூ வைக்கிறார்கள். பார்சிலோனா கால்பந்து மைதானத்தில் ஆட்டம் தொடங்கி 17 நிமிடம் 14 விநாடி ஆனதும் சுதந்திரம் என்று கத்துவதைக் கூட்டம் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தது. பழைய சந்தைக் கட்டடத்துக்கு அடியில் அந்தக் காலத்து வீடுகளின் இடிபாடு கிடைத்தபோது மூடிவிட்டுப் போகவில்லை, தெருவும் சுவரும் தெரிகிற மாதிரி திறந்து வைத்திருக்கிறார்கள். தோல்விதான். சில்லறை என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

எங்கள் பெரியப்பா கூத்தில் தேசிங்கு வேஷம் கட்டியவர். செஞ்சிப் பக்கத்து ஊர்களில் ராத்திரி பத்து மணிக்கு அரிதாரம் பூச உட்காருவார். தோளில் புஜகீர்த்தியைக் கட்டும்போது நாங்கள் கயிறு பிடிப்போம். விடிகிற நேரத்தில் தேசிங்கு சாகும் கட்டம் வரும், முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். மத்தளக்காரர் அந்த இடத்தில் மட்டும் அடியைத் தளர்த்துவார், பெரியப்பாவின் மூச்சிரைப்பு எங்களுக்குக் கேட்கும். பகலில் அவர் கரும்பு வெட்டப் போனவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் நவாப் யார், கப்பம் எவ்வளவு, எந்த ஆற்றைத் தாண்டினார்கள் என்று வரிசையாகச் சொல்வார். நான் படித்த பள்ளியில் இதை வகுப்பில் சொன்னபோது வரலாற்று வாத்தியார், "கூத்தாடி பாட்டெல்லாம் பரீட்சையில் எழுதாதே" என்றார். வகுப்பே சிரித்தது. நேற்று அந்தச் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தபோது அதே சிரிப்புதான் எனக்குக் கேட்டது.

"ஒரு அட்டையில எல்லாத்தையும் போட முடியுமா, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா" என்று கேட்பீர்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. எதுவும் நடக்கவில்லை என்று எழுதாதீர்கள். விட்டுப்போவதும் இல்லை என்று சொல்வதும் ஒன்றா? பெரியப்பா மாதிரி எத்தனை பேர் தொண்டை கிழியப் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளே இன்று கைப்பேசியில் அந்த வரிக்கு விருப்பம் போடுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சந்தோஷம். மராட்டியர் அங்கே இருந்தது உண்மை, சிவாஜியின் மகன் ராஜாராம் ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாக்குப்பிடித்ததும் உண்மை. அன்று ஊரே பெருமைப்பட்டுப் பகிர்ந்தது, நானும் பகிர்ந்தேன். அதே கோட்டையில் 1714-இல் ஒன்றுமில்லை என்றால் அதையும் பகிர்கிறோம். வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் நம்முடையது நமக்குப் பெரிசாகத் தெரியுமா?

அட்டை போட்ட பக்கத்தை நடத்துகிறவருக்கு உள்பெட்டியில் இதையெல்லாம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை. கடைசி வரியை எடுத்தால் போதும், வேறு எதுவும் கேட்கவில்லை.

வரும் அக்டோபர் 3 அன்று காலை செஞ்சிக் கோட்டைக்குப் போகிறேன். ராஜகிரி மலை ஏற முடியாதவர்கள் ஏற வேண்டாம், தேசிங்கைத் தகனம் செய்த இடம் என்று சொல்கிற செட்டிக்குளக் கரை கீழேதான் இருக்கிறது. வருகிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கதைப்பாட்டு தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வண்டிச் செலவு என்னுடையது.